நாவல் படமாகும்போது எவை வெட்டப்படுகின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில், மிகுபுனைவு (ஃபான்டசி) நாவல் ஒன்றை வட்டமாக இருந்து வாசித்து முடித்த பின்னர் அதன் திரைப்படத்தையும் போட்டுப் பார்ப்பது வழக்கம். படம் முடிந்து கதிரைகளை அடுக்கத் தொடங்கும்போதே கேள்விகளும் தொடங்கிவிடும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பதில்களில் கதைகளின் முடிவுகள் வெளிப்படும் என்பதை நாவல்களை இனிமேல்தான் வாசிக்கப்போகிறவர்கள் கவனிக்கவும்.

புத்தகத்தில இருக்கிறதை அப்பிடியே எடுக்கிறதுக்கு என்ன தடை?

முதல் தடை நேரம். திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களின் பொதுவான கணக்கு. ஆகவே இரண்டரை மணித்தியாலப் படத்துக்கு 150 பக்கங்கள்தான் இடம். 'ஹரி பொட்டர்' வரிசையின் முதல் நாவல் பிரித்தானியப் பதிப்பில் 223 பக்கங்கள், படம் 152 நிமிடங்கள். ஐந்தாவது நாவலோ 766 பக்கங்கள். அதன் படம் 138 நிமிடங்கள்தான். முதற்படத்தின் விகிதத்திலேயே ஐந்தாவதையும் எடுத்திருந்தால் அது ஏறத்தாழ எட்டே முக்கால் மணித்தியாலம் ஓடியிருக்கும்.

1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த டோல்கீனின் 'லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' நாவலைச் சத்தமாக வாசித்தால் 50 மணித்தியாலங்களுக்கு மேல் செல்லும். 2001 முதல் 2003 வரை தியேட்டருக்கு வந்த பீற்றர் ஜக்சனின் மூன்று படங்களும் சேர்ந்தே ஒன்பது மணித்தியாலத்தைச் சற்றுத்தான் தாண்டுகின்றன. ஒரு காட்சி இரண்டு பக்க வருணனையை ஒரு நொடியில் காட்டிவிடும் என்பது உண்மைதான், ஆனால் உரையாடலுக்கும் பயணத்துக்கும் மனமாற்றத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது.

அப்ப எதை வெட்டுறது எண்டு எப்பிடித் தீர்மானிக்கிறவை?

கதாநாயகனுக்கு என்ன வேண்டும், அதை அடைய அவன் அடுத்து என்ன செய்கிறான் என்ற ஒரே கோட்டில் படம் ஓடுகிறது. அந்தக் கோட்டை முன்னே தள்ளாத எதுவும், எவ்வளவு அழகாக இருந்தாலும், முதலில் கத்திக்கு அகப்படும். 'லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' நாவலின் தொடக்கத்தில் வரும் டொம் பொம்படில் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். காட்டோரம் மனைவியுடன் வாழ்ந்து, பாட்டாகவே பேசித் திரியும் அந்த மனிதர், அணிந்தவரை மறையச்செய்யும் தீய மோதிரத்தை விரலில் போட்டும் மறையவில்லை. அவர்மீது அதற்கு எந்தச் சக்தியும் இல்லை. அந்த மோதிரத்தைச் சுமந்து செல்லும் கதாநாயகன் ஃபுரோடோவும் நண்பர்களும் அவருடைய வீட்டில் தங்கி, சாப்பிட்டு, கதை கேட்டுப் புறப்படுகிறார்கள். அத்தியாயங்களை எடுத்துவிட்டாலும் மோதிரத்தின் பயணம் தடைப்படாது என்பதே படக்குழு சொன்ன காரணம். அத்துடன், பயங்கரமான மோதிரம் என்று அப்போதுதான் பார்வையாளருக்குச் சொல்லி முடித்திருக்கும்போது அதை விளையாட்டுப் பொருளாக்கும் ஒருவரைக் காட்டினால் பயம் கலைந்துவிடும் என்பது என் எண்ணம்.

வெட்டாமல் இருவரை ஒருவராக்குவது இன்னொரு வழி. நாவலில் காயம்பட்ட ஃபுரோடோவை ஆற்றங்கரைக்குக் கொண்டுசேர்க்க உதவுபவர் குளோர்ஃபிண்டெல் என்னும் எல்ஃப். அதன் பின்னர் அவருக்குப் பெரிய வேலை இல்லை. படத்தில் அந்த வேலை எல்ஃப் இனப் பெண்ணான ஆர்வெனுக்குக் கொடுக்கப்பட்டது. நாவலில் மிகக் குறைவாகவே தோன்றும் அவளைப் பார்வையாளர் முன்கூட்டியே அறிந்துகொள்ளவும் அது உதவியது.

ஹரி பொட்டரில பீவ்ஸ் பேயைக் காணேல்லையே, மறந்திட்டினமோ?

மறக்கவில்லை. முதற்படத்துக்காக ரிக் மயோல் என்னும் நகைச்சுவை நடிகரைக் கொண்டு அந்தக் காட்சிகளைப் படம்பிடித்தே இருந்தார்கள். படத்தொகுப்பில் அவை நீக்கப்பட்டன. பின்னர் வந்த எந்தப் படத்திலும் பீவ்ஸ் இல்லை, இல்லாததால் எந்தக் கதையும் நொண்டவும் இல்லை.

வெட்டினது சரியோ பிழையோ எண்டு எதை வைச்சுச் சொல்றியள், ரீச்சர்? பிடிச்ச ஆளை வெட்டினா எல்லாருக்கும் பிழைதானே?

வெட்டிய இடத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்னால் வரும் காட்சி ஏதாவது அந்த வெட்டுப்பட்ட பகுதியைத் தேடுகிறதா என்று பார்க்க வேண்டும். பீவ்ஸை எந்தக் காட்சியும் தேடவில்லை. ஆகவே அந்த வெட்டினால் பின்னால் தீர்க்க வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. டொபி என்னும் வீட்டுப் பூதத்தின் கதை வேறு. நாவல்களில் அவன் இரண்டாம் நூலில் அறிமுகமாகி, நான்காம் நூலிலிருந்து இறுதிவரை இடையிடையே வந்துகொண்டே இருக்கிறான்; நான்காம் நூலில் ஹரி தண்ணீருக்கடியில் மூச்சுவிட உதவும் செடியைக் கொண்டுவந்து கொடுப்பவனும் அவனே. படத்தில் அந்தச் செடியை வகுப்புத் தோழன் நெவில் கொடுக்கிறான். விளைவாக 2002இல் பார்த்த டொபியை மறுபடி 2010இல்தான் பார்க்கிறோம், பார்த்த அந்தப் படத்திலேயே அவன் இறந்துபோகிறான். நாவலை வாசித்த பிள்ளைகள் அந்தக் காட்சியில் அழுதார்கள், படத்தை மட்டும் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் "இது ஆர்?" என்று கேட்டார்கள்.

இதைவிடத் தெளிவான உதாரணம் கண்ணாடித் துண்டு. ஐந்தாவது நாவலில் ஞானத்தந்தையான சிரியஸ் ஹரிக்கு ஒரு சோடிக் கண்ணாடியில் ஒன்றைக் கொடுக்கிறார். ஒன்றைப் பார்த்துப் பேசினால் மற்றதை வைத்திருப்பவரின் முகம் தெரியும். படத்தில் அது கொடுக்கப்படுவதே இல்லை. ஆனால் ஏழாவது கதையின் படத்தில் ஹரியின் கையில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கிறது, அதில் யாரோ ஒருவரின் நீலக்கண் தெரிகிறது. அது எங்கிருந்து வந்தது என்று படம் சொல்லவில்லை.

எழுதினவவே உயிரோட இருக்கேக்க இப்பிடி நடக்க விட்டவவோ?

படங்கள் எடுக்கத் தொடங்கியபோது கடைசி நாவல்கள் எழுதப்பட்டே இருக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். முதற்படம் 2001இல், ஏழாவது நூல் 2007இல். எது பின்னால் தேவைப்படும் என்பது திரைக்கதை எழுதியவருக்குத் தெரியாது. ஐந்தாவது படத்தின் திரைக்கதையில் கிரீச்சர் என்னும் கிழட்டுப் பூதம் நீக்கப்பட்டிருந்தபோது, அவனை வெட்டினால் பின்னால் சிக்கிக்கொள்வீர்கள் என்று நாவலாசிரியர் ரௌலிங் சொல்லித்தான் அவனை மறுபடி சேர்த்தார்கள். ஏழாம் நூலில் ஹரி தேடும் லொக்கெற் (கழுத்துப் பதக்கம்) எங்கே போனது என்ற செய்தி அவனிடமிருந்தே கிடைக்கிறது.

பொம்படிலை வெட்டினதால பின்னால ஒரு குறையும் வரேல்லை எண்டுதானே சொல்றியள்?

ஒன்று வந்தது, ஆனால் கவனித்தவர்கள் சிலர்தான். பொம்படிலின் வீட்டை விட்டுப் புறப்பட்டதும் ஹொபிற்று என்னும் குள்ள இனத்தைச் சேர்ந்த அந்த நால்வரும் பழைய கல்லறை மேடுகளில் அகப்பட்டுக்கொள்ள, அவரே வந்து மீட்டு, அங்கிருந்த தொன்மையான கத்திகளை அவர்களுக்குக் கொடுக்கிறார். அவை பகைவரின் தளபதியான சூனிய அரசனுக்கு எதிராகப் போரிட்ட மக்கள் வடித்தவை. மூன்றாம் பாகத்துப் போர்க்களத்தில் அந்த நால்வரில் ஒருவனான மெரி அந்தக் கத்தியால் சூனிய அரசனின் காலின் பின்புறத்தில் குத்துகிறான். வேறு எந்தக் கத்தியும் அந்தக் காயத்தை உண்டாக்கியிருக்காது என்று நாவல் வெளிப்படையாகச் சொல்கிறது. எப்போதோ அழிந்துபோன ஒரு மக்கள் கூட்டத்தின் வேலை, அவர்களை அறியாத ஒரு சிறுவனின் கையால் முடிகிறது.

படத்தில் கத்திகளை அவர்களின் வழித்துணையான அரகோர்ன் வழியில் எடுத்துக் கொடுக்கிறார். அந்தக் கத்தி ஏன் வேலை செய்தது என்ற கேள்வியைப் படம் எழவிடவில்லை, ஏனென்றால் காட்சியின் முழுப் பாரத்தையும் அவனைக் கொல்லும் வீராங்கனை எயோவின் மீது ஏற்றியிருக்கிறார்கள். பாக்கியைத் தீர்க்காமல் மறைத்துவிட்ட கெட்டிக்காரத்தனம் இது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் மெரியின் பங்கு சுருங்கியது உண்மை.

ஊருக்குத் திரும்பி வாற பகுதியை முழுசா வெட்டிப்போட்டினமே, அது பெரிய அநியாயம் இல்லையோ?

இந்த வரிசையில் எனக்கும் மனம் ஒப்பாத வெட்டு இதுதான். நாவலில் மோதிரம் அழிந்த பின்னரும் கதை முடியவில்லை. நான்கு பேரும் தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்பும்போது பாலத்தில் படலை போட்டுப் பூட்டியிருக்கிறது. சத்திரங்கள் மூடப்பட்டுள்ளன, சுவரில் விதிமுறைகள் ஒட்டப்பட்டுள்ளன. ஊருக்குள் போனால் தெருவோர மரங்கள் இல்லை, ஃபுரோடோவின் தோழன் சாமின் தகப்பனார் வாழ்ந்த ஒழுங்கை மணல் தோண்டிய கிடங்காகக் கிடக்கிறது. ஃபுரோடோவின் உறவினர் பில்போவின் பிறந்தநாள் விருந்து நடந்த அந்தப் பெருமரம் வெட்டிச் சாய்க்கப்பட்டு வயலில் கிடப்பதைக் கண்டதும் சாம் அழுதுவிடுகிறான். இவற்றின் பின்னால் இருப்பவர் தோற்று ஓடிவந்த மந்திரவாதி சருமான். பிறகு ஊரவர்களே எழுந்து போரிடுகிறார்கள். 19 ஹொபிற்றுகள் இறக்கிறார்கள்.

படத்தில் ஷயர் அப்படியே இருக்கிறது. நால்வரும் தவறணையில் குடிக்கும்போது மற்றவர்கள் ஒரு பெரிய பூசணிக்காயைக் கண்டு வியந்துகொண்டிருக்கிறார்கள். மாறியது போய் வந்தவர்கள்தான், ஊர் மாறவில்லை என்று அந்தக் காட்சி சொல்கிறது. அதுவும் நல்ல காட்சியே. ஆனால் 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வலிகாமத்துக்குத் திரும்பி வந்து, வளவில் எந்த மரம் நிற்கிறது, எது இல்லை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு நாவலின் அத்தியாயமே உண்மையாகப் படுகிறது. எங்கள் வட்டத்தில் வயதானவர்கள் வேறு எந்த அத்தியாயத்தையும் பற்றி இவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

தொழில்முறைக் காரணமும் நியாயமானதே: உச்சக்கட்டம் முடிந்த பின்னர் இன்னொரு போரைப் பார்ப்பதற்கு 3 மணித்தியாலங்களைக் கடந்த பார்வையாளர் இருக்க மாட்டார். இருந்தும் வெட்டின் தடயங்கள் படத்தில் எஞ்சியிருக்கின்றன. முதற்படத்தில் எல்ஃப் சீமாட்டி கலாட்ரியலின் நீர்க்கண்ணாடியில் ஷயர் எரிவது தெரிகிறது. நடக்கக்கூடிய ஒன்றாக மட்டும் அது நின்றுவிடுகிறது. நாவலில் கலாட்ரியல் சாமுக்குக் கொடுப்பது தன் தோட்டத்து மண்ணும் ஒரு மலோர்ன் விதையும் அடங்கிய சிறு பெட்டி. அந்த விதையைத்தான் அவன் வெட்டுண்ட மரம் நின்ற இடத்தில் நடுகிறான். அந்த அத்தியாயம் இல்லாத படத்தில் பெட்டிக்கு வேலையில்லை. ஆகவே தியேட்டர்ப் பதிப்புக்குப் பின்னர் காட்சிகள் சேர்த்து வெளியிட்ட நீட்டித்த பதிப்பில் அவள் சாமுக்கு எல்ஃப் கயிறு கொடுக்கிறாள்.

எங்கட படங்களில இல்லாத பாட்டைச் சேர்ப்பினம். இவை இருந்த பாட்டுகளை ஏன் எடுத்தவை?

டோல்கீனின் நாவலில் பாட்டும் கவிதையுமாகப் பல பத்துகள் உண்டு. பலர் அவற்றைத் தாண்டி வாசிப்பதும் எனக்குத் தெரியும். பெரும்பாலானவை படத்தில் இல்லை. ஆனால் வெட்டுப்பட்டவை எல்லாம் குப்பைக்குப் போவதில்லை, இடம் மாறுவதும் உண்டு. நாவலின் தொடக்கத்தில் ஹொபிற்றுகள் இரவில் நடக்கும்போது பாடும் பாட்டு ஒன்றின் வரிகளை எடுத்து, மூன்றாம் படத்தில் நால்வரில் ஒருவனான பிப்பினைப் பாடவைத்திருக்கிறார்கள். மெட்டமைத்தவர் அந்தப் பாத்திரத்தில் நடித்த பில்லி பொய்ட். நகரை ஆளும் டெனதோர் தக்காளியைக் கடித்துச் சாறு வழியச் சாப்பிட, அவர் சாவுக்கு அனுப்பிய மகன் ஃபராமிர் குதிரையில் பாய, இடையில் பிப்பின் பாடுகிறான். வழிநடைப் பாட்டு ஒப்பாரியாகிவிட்டது. படம் நாவலை மிஞ்சிய இடங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

வெட்டினதைப் பொறுக்கலாம். ஃபராமிரின்ர குணத்தையே மாத்தினது ஏன்?

நாவலின் ஃபராமிர், தெருவில் கிடந்தாலும் மோதிரத்தை எடுக்கமாட்டேன் என்று சொல்லி ஃபுரோடோவைப் போகவிடுகிறான். படத்தில் அவன் அவர்களைக் கைதிகளாக ஒஸ்கிலியாத் என்னும் நகர் வரை இழுத்துச் சென்ற பிறகே மனம் மாறுகிறான். இதற்குக் காரணம் இன்னோர் இடத்தில் நடந்த மாற்றம். இரண்டாம் நூலின் உச்சமான சிலந்திக் குகை மூன்றாம் படத்துக்குத் தள்ளப்பட்டதால், இரண்டாம் படத்தில் ஃபுரோடோவின் பகுதிக்கு ஒரு நெருக்கடி தேவைப்பட்டது. யாரையும் மயக்கும் மோதிரம் என்று சொல்லிவிட்டு ஒருவன் இலேசாக மறுத்தால் பயம் போய்விடும் என்பதும் அவர்களின் வாதம். பொம்படிலைப் பற்றி மேலே சொன்னதும் இதுவும் ஒரே தர்க்கமே.

இவ்வளவு குறை சொல்றியளே, சூரன் போரில நாங்கள் வெட்டாததோ?

கேட்டவர் எங்கள் ஊர்க் கோயிலில் புராணம் படிப்பவர், கேள்வி நியாயமானது. கந்தபுராணம் ஆறு காண்டங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். கோயிலில் படித்துப் பயன் சொல்லி முடிக்க நாட்கணக்கில் ஆகும். கந்தசஷ்டியன்று பின்னேரம் வீதியில் நடக்கும் சூரன் போரோ பெரும்பாலும் யுத்த காண்டத்தின் சாரத்தையே எடுத்துக்கொள்கிறது. யானைத்தலை வரும், சிங்கத்தலை வரும், சூரன் வருவான், மாமரமாவான், சேவலும் மயிலுமாவான்.

அங்கு சிங்கமுகன் ஒரு தலை மட்டுமே. புராணத்தில் அவன் தேவர்களைச் சிறைவிடும்படி அண்ணனுக்கு அறிவுரை சொல்பவன்; கேட்காதபோதும் அண்ணனுக்காகப் போருக்குப் போய் மடிபவன். அந்தத் துயரம் வீதியில் தெரியாது. ஆனால் சூரன் போர் பார்ப்பவர்கள் கதையை முன்பே கேட்டவர்கள், விட்டதை அவர்கள் மனமே நிரப்பிக்கொள்ளும். படத்துக்கு வரும் பார்வையாளரில் பலர் நாவலைத் தொட்டிராதவர்கள். இந்த வேறுபாட்டினால்தான் இரண்டையும் ஒரே தராசில் வைக்கத் தயங்குகிறேன்.

பொன்னியின் செல்வனையும் இந்தக் கணக்கில சேர்க்கலாமோ?

அது சரித்திர நாவல், மிகுபுனைவு அன்று. ஆனாலும் எப்போதும் கேட்கப்படுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்கி 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் எழுதிய, 290க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் கொண்ட தொடர்கதை 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு படங்களாகியது. மணிமேகலை இல்லை. அதைவிடப் பெரியது சேந்தன் அமுதன் பற்றிய மாற்றம்: நாவலில் உண்மையான மதுராந்தகன் அவனே என்று தெரியவந்து அவனுக்கே முடிசூட்டப்படுகிறது. படத்தில் அந்தத் திருப்பம் கைவிடப்பட்டு, நாம் முதலிலிருந்து பார்த்த மதுராந்தகனே அரசனாகிறான். முன்னேற்பாடுகளையும் சேர்த்தே எடுத்துவிட்டதால் பாக்கி எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் பூக்காரனாக இருந்தவன் அரசனாகும் சுவை போய்விட்டது.

முடிவையே வெட்டின படம் இருக்கோ?

இருக்கிறது. பிலிப் புல்மனின் 1995ஆம் ஆண்டு நாவலை வைத்து எடுத்த 'த கோல்டன் கொம்பஸ்' 2007இல் வந்தது. நாவலின் கடைசி அத்தியாயங்களில் கதாநாயகி லைரா பாடுபட்டு மீட்ட நண்பன் ரொஜர், அவளுடைய தகப்பனாலேயே கொல்லப்படுகிறான். அந்தப் பகுதி படம்பிடிக்கப்பட்ட பின்னர், அடுத்த படத்தின் தொடக்கத்தில் வைக்கலாம் என்று எடுத்துவிட்டார்கள். இருவரும் நம்பிக்கையோடு வானில் பறப்பதுடன் படம் முடிகிறது. அடுத்த படம் எடுக்கப்படவேயில்லை.

சின்னப் புத்தகமான ஹொபிற்றை மூண்டு படமா எடுத்தவை. அப்ப வெட்டாமத்தானே இருந்திருக்கும்?

நேரம் தாராளமாகக் கிடைத்தபோது நடந்தது சேர்த்தல். 1937இல் வந்த அந்த நூலில் இல்லாத லெகோலஸ் படத்தில் வருகிறான், டோரியல் என்னும் பெண் புதிதாகப் படைக்கப்பட்டாள், நூலின்படி எப்போதோ இறந்துவிட்ட அசோக் என்னும் வில்லன் மூன்று படங்களிலும் துரத்துகிறான். இவ்வளவுக்கும் இடையில் கதாநாயகனான ஹொபிற்று பில்போ தன்னையே தலைப்பாகக் கொண்ட கதையிலேயே ஓரத்துக்குப் போய்விட்டான். அதையும் வெட்டு என்றே எண்ணுகிறேன்.

நீட்டின பதிப்போ சீரிஸோ எண்டால் எல்லாம் வந்திடும்தானே?

நீட்டித்த பதிப்பில் சில பாக்கிகள் தீர்கின்றன. 2003இல் தியேட்டரில் காணாமற்போன சருமானின் மரணம் அதில்தான் இருக்கிறது. அதுவும் ஷயரில் நடக்கவில்லை, கோபுரத்தின் உச்சியில் நடக்கிறது. சீரிஸைப் பொறுத்தவரை, 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' 73 பாகங்கள் ஓடியும் நாவலில் கேற்லின் என்னும் பெண் இறந்து மீண்டெழும் கதை முழுவதையும் விட்டுவிட்டது. நேரம் கூடினாலும் அந்த ஒரே கோடு பற்றிய தீர்மானம் மாறாது.

பொம்படில் இப்ப சீரிஸில வந்திட்டாராமே. வெட்டினது பிழை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரித்தானே?

2024இல் 'றிங்ஸ் ஒஃப் பவர்' தொடரின் இரண்டாம் பருவத்தில் வந்தார். எடுத்தவர்கள் வேறு, காலமும் மோதிரக் கதைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தியது, இடமும் அந்தக் காடு அன்று. அங்கே அவர் வழிதெரியாத மந்திரவாதி ஒருவருக்கு ஆசானாக இருந்து, என்ன தேட வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்று கேட்டுச் சோதிக்கிறார். கதையின் கோட்டில் அவருக்கு வேலை கொடுத்தால்தான் திரைக்குள் கொண்டுவர முடிந்தது. நாவலின் பொம்படிலுக்கு யாரையும் எங்கும் அனுப்பும் எண்ணம் இல்லை, உலகம் அழியப்போகிறது என்றாலும் அவர் மனைவிக்கு அல்லிப்பூப் பறிக்கத்தான் போவார். தொடரில் உடையும் தொப்பியும் பாட்டும் வந்திருக்கின்றன; இந்தக் குணம் இரண்டாவது தடவையும் வெட்டுப்பட்டிருக்கிறது.